மூன்றாம் கொக்கி

என் கணவர் தர்மாஜி வாழ்நாளில் யாரிடமும் பணம் வைத்த உறை வாங்கியவர் அல்லர். மனைவி என்பதால் இதைச் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் எங்கள் சமையலறைக் கூரை இத்தனை வருடமாக ஒழுகிக்கொண்டிருக்காது, அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஊரான கெதிரியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பறவைப் பாட்டுப் போட்டிகளுக்கு அவர் நடுவர். கூண்டுகளை வரிசையாகக் கொக்கிகளில் தொங்கவிடுவார்கள். நடுவர் காதைத் தீட்டிக்கொண்டு கீழே நடந்துபோய், நன்றாகப் பாடும் பறவைக்கு நேர் கீழே ஒரு கொடியை நடுவார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பறவைக்காரர்கள் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். பறவைகள் பாடுவதைவிட இவர்கள் பாடுவதுதான் அதிகம்.

டயர் கடை ஜுமாடியின் பறவை தோற்ற ஒரு ஞாயிறன்று, அந்த மனிதர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "தர்மாஜி உறை வாங்கிட்டாரு" என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். சங்கத் தலைவர் ஹாஜி மஸ்ரூர் யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். "விசாரிக்கிற வரைக்கும் கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று என் கணவரின் கொடிகளை வாங்கி வைத்துக்கொண்டார். விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

வீட்டில் உட்கார்ந்த நடுவர் என்ன செய்வார்? வேகவைத்த கீரையில் கடலைச் சட்னி ஊற்றித் தரும் என் பெச்சல் கடைக்கு வந்து நடுவர் வேலை பார்த்தார். கீரை குழைந்துவிட்டது, கடலைச் சட்னியில் புளி தூக்கல் என்று வாடிக்கையாளர்கள் முன்னாலேயே தீர்ப்புச் சொன்னார். ஆனால் சாப்பிட வருகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் உறை பிரிப்பதுபோல ஜாடை காட்டிச் சிரித்தார்கள். போன பெயரை மீட்காமல் இந்த மனிதர் மனிதராக மாட்டார் என்பது தெரிந்துபோயிற்று.

ஒருநாள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு அவரே சொன்னார். "ஒரு மெஷின் செய்யப் போறேன். பாட்டைக் கேட்டு மார்க் போடும். மெஷினுக்குச் சட்டைப் பை கிடையாது. எவனும் அதுக்கு உறை கொடுக்க முடியாது. கொண்டுபோய் அவனுங்க நடுவுல வெச்சேன்னா, நான் யாருன்னு தெரியும்."

நல்ல யோசனைதான். அதைச் செய்யப் பிடித்து வந்த ஆள்தான் பாண்டு.

பாண்டு யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாத எஞ்சினியர். ஃபேஸ்புக்கில் அகப்பட்டான். மடிக்கணினிப் பையும் நல்ல சிரிப்புமாக வந்து உட்கார்ந்தான். எங்கள் ஊர் வழக்கப்படி ஐயாவுக்கு 'பாக்', அம்மாவுக்கு 'இபு'.

"எல்லாப் பறவையையும் ஒரே சமயத்துல கேக்கணும். முடியுமா தம்பி?" என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"முடியும், பாக்."

"மழையில நனைஞ்சாலும் ஓடணும்."

"ஓடும், பாக்."

"நோன்புப் பெருநாளுக்கு முன்னாடி வேணும்."

"ஆயிடும், பாக்."

நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். "தம்பி, அப்படியே மாடும் கறக்குமா?"

அவன் யோசித்துவிட்டு, "அதுக்குத் தனியா ஒரு சென்சார் வெக்கணும், இபு" என்றான்.

அங்கேயே அவனை எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பெரியவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஆகவே எல்லாம் முடியும், எதுவும் முடிந்து வராது. இப்போது யாராவது வந்து, இப்படி வெளியாள் ஒருவனை வைத்துச் சாமான் செய்யலாமா என்று என்னிடம் கேட்டால், நான் சொல்வது ஒன்றுதான். நடக்கவே நடக்காத ஒன்றை முதலில் கேளுங்கள். அதற்கும் தலையாட்டினால் ஒரு காப்பி கொடுத்து வழியனுப்பிவிடுங்கள்.

என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. "நியாயமான மெஷின்" என்றார் என் கணவர். அவனும் பெரிதாகத் தலையாட்டினான். எது நியாயம் என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

முதலில் வந்தது வெறும் பெட்டி. தங்க நிறம், மேலே மின்னும் விளக்கில் என் கணவரின் பெயர். உள்ளே திறந்தால் காற்று. அவரோ அதைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துப் பூரித்துப்போனார். அந்த நாட்களில் பாண்டு ஒரு கெளுத்திப் பண்ணைக்குத் தீனி போடும் கருவியும், ஒரு மசூதிக்குக் கடிகாரமும் செய்துகொண்டிருந்தான். போன் செய்தால் "வழியில இருக்கேன், பாக்" என்பான். பின்னால் சேவல் கூவும், அவன் அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள்.

எப்படியோ பெட்டிக்குள் ஏதோ வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு ஒலிவாங்கி. எந்தப் பறவை நன்றாகப் பாடுகிறதோ அதன் கொக்கியில் சிவப்பு விளக்கு எரியும். கொல்லையில் கொக்கிகள் கட்டி, அக்கம்பக்கத்துப் பறவைகளை இரவல் வாங்கி வந்தார்கள். மூன்றாம் கொக்கியில் எங்கள் வீட்டு சேனாபதி. அது ஒரு சோலைப்பாடி. காலை வெயில் அங்கேதான் விழும் என்பதால் அதற்கு எப்போதும் அந்த இடம்தான்.

முதல் சோதனையில் சேனாபதிக்கு நான்காம் இடம்.

"எங்கயோ கோளாறு இருக்கு" என்றார் என் கணவர்.

பாண்டு அவர் முகத்தைப் பார்த்தான். "பாத்துடறேன், பாக்."

அடுத்த முறை இரண்டாம் இடம்.

"கிட்ட வந்துடுச்சு. இன்னும் கொஞ்சம்."

அதற்கடுத்த முறை சேனாபதியின் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. என் கணவர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்தார். "இப்பதான் சரியா கேக்குது."

அன்றைக்குச் சேனாபதி பாடிய நேரத்தைவிடத் தீனிக்குப் போட்ட சுவர்க்கோழியை மென்ற நேரம்தான் அதிகம். "ஏங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றேன்.

"உனக்குப் பெச்சல் தெரியும்மா. பாட்டு தெரியாது."

சரி, எனக்கென்ன என்று உள்ளே போய்விட்டேன்.

ஹாஜி மஸ்ரூர் ஒரு ஞாயிறன்று மெஷினைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். "எல்லாருக்கும் திருப்தின்னா, எல்லார் முன்னாடியும் உங்க கொடியை நானே திருப்பிக் கொடுக்கறேன்" என்றார். என் கணவர் பத்திக் சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போடச் சொன்னார். நானும் கடையைப் போட்டித் திடலோரத்திலேயே போட்டேன்.

திடலில் ஹாஜி ஒரு காரியம் செய்தார். "பேச்சு வரக் கூடாது. யாருக்கு எந்தக் கொக்கின்னு சீட்டுப் போட்டு எடுப்போம்" என்றார். பாண்டுவின் சிரிப்பு முதல்முறையாக மறைந்ததை நான் பார்த்தேன். சேனாபதிக்குக் கடைசிக் கொக்கி விழுந்தது. மூன்றாம் கொக்கி ஜுமாடிக்கு.

ஜுமாடி கேலி செய்யவே வந்திருந்தார். இறகு உதிரும் பருவத்தில் வால் இல்லாத ஒரு பறவையைக் கொண்டுவந்திருந்தார். அது மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைபோல வாயே திறக்கவில்லை. மற்றவை உயிரைக் கொடுத்துப் பாடின. நேரம் முடிந்தது. மூன்றாம் கொக்கியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சேனாபதி கடைசி.

எல்லாரும் விளக்கையும் அந்தப் பறவையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் சுதாரித்துக்கொண்டவர் ஜுமாடிதான். "மெஷினுக்கு நல்ல காது. நான் முழு மனசா ஏத்துக்கறேன்" என்றார்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான். "டயர்க்காரர் எவ்வளவு கொடுத்தாரு, பாக் தர்மாஜி?"

இன்னொருவன், "போன தரம் கொடுக்கலன்னு தோக்கடிச்சாரு. இந்தத் தரம் கணக்கு சரியாயிடுச்சு" என்றான்.

என் கணவர் பாண்டுவை மரத்தடிக்கு இழுத்துப்போனார். கையில் கரண்டியோடு நானும் போனேன்.

"என்னடா இது?"

பாண்டு தரையைப் பார்த்தான். "மூணாவது கொக்கியோட மைக்கு நம்மளுது இல்லீங்களா, பாக். மத்ததைவிட அதைக் கூட்டி வெச்சிருக்கேன். நீங்கதானே ஒவ்வொரு தடவையும் சரியில்லன்னீங்க. எப்ப சரின்னு சொன்னீங்களோ அப்ப நிறுத்திட்டேன்."

"நான் அப்படிச் செய்யச் சொன்னேனா?"

"சொல்லலை, பாக்." அவனே தொடர்ந்து, "மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். முடியும்" என்றான்.

அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? உறை வாங்கியவர் உளறுகிறார் என்பார்கள். சும்மா இருந்தாலும் அதே பேச்சுதான். மிச்சம் இருந்த வழி ஒன்றே ஒன்று. அது பெரிய அவமானம். என் கணவர் நேராகப் போய் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"யாரும் எனக்கு எதுவும் கொடுக்கல" என்றார். "எங்க வீட்ல மூணாம் கொக்கி என் சேனாபதியோடது. அது தோத்தப்பல்லாம் மெஷின் தப்புன்னு சொன்னேன். தம்பி அதை எனக்கு ஏத்த மாதிரி திருத்திட்டான். ஜுமாடியோட பறவை ஜெயிக்கல. என் பறவையோட இடம் ஜெயிச்சுது."

திடல் சிரித்த சிரிப்பில் பறவைகள் பயந்து கம்பியில் மோதின. ஜுமாடி மட்டும் சிரிக்கவில்லை. ஹாஜி மஸ்ரூர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார். "இன்னைக்குத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்துச்சு. உறை வாங்கிப் பழகினவன் இவ்வளவு மட்டமா வேலை செய்ய மாட்டான்" என்று சொல்லி, கொடிகளை எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுத்தார். கை தட்டினார்கள். இப்படி ஒரு கைதட்டலுக்கா இந்த மனிதர் இத்தனை நாள் தவித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையைக் கட்டும்போது மரத்தடியைப் பார்த்தேன். பாண்டுவைச் சுற்றிச் சில பறவைக்காரர்கள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஜுமாடி. "முடியும், பாக்" என்று அவன் சொல்வது இங்கே வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சேனாபதியை மூன்றாம் கொக்கியில் மாட்டிவிட்டு, கொடிகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அது பாட ஆரம்பித்தது. அசையாமல் கடைசி வரைக்கும் கேட்டார்.

"ஏம்மா," என்றார், "இவன் சுமாராத்தான் பாடறான், இல்ல?"

"ஆமாங்க."

ஒரு கொடியைக் கையில் எடுத்தார். சேனாபதிக்கு நேர் கீழே இருந்த தரையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.