தலைவரைக் காணோம்

ரும்பி ஊர் மைதானத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில், பெரிய கேமராக்காரர்கள் மேடையை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். தவோங்கா மட்டும் சட்டைப்பைக்குள் அடங்கும் தன் குட்டிக் கேமராவோடு, ஆடிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் போனான். தலைவர் முகம் அச்சடித்து, கட்சி இலவசமாகக் கொடுத்த சிதெஞ்சே துணியை எல்லோரும் இடுப்பில் கட்டியிருந்தார்கள். ஆனால் அவன் எடுத்த ஒரு படத்திலும் அந்த முகம் இல்லை. அது அவன் மண்டையைக் குடைந்தது.

"அக்கா, துணியில தலைவரைக் காணோமே?"

"பின்னாடி இருக்காரு," என்றாள் முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த நியாகோந்துவே. "மூணு தேர்தலா பாலம் கட்டித் தரேன்னு சொல்றாருல்ல!"

"அதுக்கு?"

"பொறு தம்பி."

ஒலிபெருக்கி அலறியது. "தலைவர் பேசப் போறாரு, எல்லாரும் உட்காருங்க!"

அத்தனை பெண்களும் தலைவர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"இப்ப எடு படம்!" என்றாள் நியாகோந்துவே.