நாலாவது சில்லைப் பற்றி நான் சொன்ன பொய்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எழுதுகிறவர்கள் எல்லோரும் இப்படிச் சொல்வார்கள், கேட்க அழகாக இருக்கும். நான் சொல்வது அந்த அழகான பொய்யை அல்ல. இரண்டாயிரமாம் ஆண்டு ஆவணி மாதம், பாலையூற்றில், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, "கொரியாக் கார் எங்கட உப்புக் காத்துக்கு நிண்டுபிடிக்காது சேர்" என்று சொன்னேனே, அதை. அதுவரைக்கும் நான் ஒரு கொரியாக் காரைக் கிட்ட நின்று பார்த்ததே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"உட்துறைமுகத்தில் அன்று காலை ஒரு பெரிய கப்பல் வந்து நின்றது. அதன் வயிற்றுக்குள்..."

விட்டுவிட்டேன். அதன் வயிற்றுக்குள் இருந்தது கோதுமை. இவ்வளவு பெரிய துறைமுகத்தை வாசலில் வைத்திருந்தும், எங்கள் ஊரில் ஒருவர் கார் வாங்கினால் அது கொழும்பில்தான் வந்து இறங்கும். இதில் துக்கம் இருக்கிறது, கதை இல்லை.

பிறகு இப்படி:

"பாயிஸ் ஒரு நல்ல ஓட்டோச் சாரதி. ஆனால் அவனுக்கு ஒரு..."

இதையும் வெட்டினேன். பாயிஸ் உண்மையாகவே இருக்கிறான். அந்தக் காலத்தில் ஓர்ஸ் ஹில் தரிப்பிடத்தில் எனக்குப் பக்கத்தில் ஓட்டோவை நிறுத்துகிறவன். எழுதியதை வாசித்துவிட்டு, "நீ செஞ்ச களவுக்கு என்ட பேரா? அந்த நேரமே சொன்னன்தானே, வாயப் பொத்திக்கிட்டு இரு எண்டு," என்றான்.

சரி. அந்த ஓட்டோக்காரன் நான்தான். பெயர் ஆனந்தராசா.

2

புஷ்பவதி மிஸ் கல்வித் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்தார். காலையில் பாலையூற்றிலிருந்து ஓர்ஸ் ஹில் கந்தோருக்கு ஏற்றிக்கொண்டு போவேன், மத்தியானத்துக்குப் பிறகு திருப்பிக்கொண்டு வருவேன். இடையில் பள்ளிக்கூடம் பார்க்கப் போனாலும் நான்தான். ஏழு வருடமாக அப்படி. அவரை விட்டால் எனக்கு நிரந்தர ஓட்டம் வேறு கிடையாது. ஒரு கலவரம், ஒரு கடையடைப்பு என்றால் தரிப்பிடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கவேண்டியதுதான்.

அந்த வருடம் மிஸ்ஸுக்குத் தீர்வைச் சலுகைப் பேர்மிற் வந்தது. வெளிநாட்டிலிருந்து சின்னக் கார் ஒன்று குறைந்த தீர்வையில் இறக்கலாம். தை மாதக் கடைசிக்குள் வாங்கவேண்டும். தவறினால் அது வெறும் கடதாசி.

அவருடைய கணவர் ஞானசேகரம் சேர் கணக்கு வாத்தியார். கார் தெரிவு அவர் பொறுப்பு. கட்டம் போட்ட தாள்களை ஒட்டி, மேசையை மூடுகிற அளவுக்கு ஓர் அட்டவணை போட்டார். இந்தியக் கார், கொரியாக் கார், ஜப்பானில் ஓடிக் கழித்த கார் என்று மூன்று நிரல். கீழே வரிசையாகக் கார் விலை, கப்பற்கூலி, காப்புறுதி, தீர்வை, தேசிய பாதுகாப்பு வரி, துறைமுகக் கூலி, கொழும்பிலிருந்து வர பெற்றோல், வழியில் சோதனைச் சாவடிகளில் காத்திருக்கும்போது குடிக்கும் பிளேன்டீ.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்து, உள்ளேயே விட்டது: பாதுகாப்பு வரி என்பது நாட்டின் பாதுகாப்புக்காகக் காருக்குக் கட்டுவது. கட்டியபின் அதே காரை, அதே பாதுகாப்புக்காக, கந்தளாயிலிருந்து வீடு வரைக்கும் ஆறு இடத்தில் நிறுத்தி டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். இதைச் சேர்தான் எனக்குச் சொன்னார். சிரிக்காமல் சொன்னார்.]

ஒவ்வொரு நாளும் மிஸ்ஸை இறக்கிவிடும்போது சேர் என்னைக் கூப்பிடுவார்.

"ஆனந்தராசா, நீர் வாகனக்காரன். இந்தியன் கார் எப்பிடி?"

எனக்கு வாகனம் பற்றித் தெரிந்தது மூன்று சில்லு வரைக்கும்தான். நாலாவது சில்லைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இல்லை. ஆனால் பேர்மிற் காலாவதியானால் என் ஓட்டம் தப்பும் என்பது தெரிந்தது.

"கார் நல்லது சேர். ஆனா தகரம் மெல்லிசு. ஆமிக்காரன் ரெண்டு தரம் தட்டிப் பாத்தானெண்டா நெளிஞ்சுபோம்."

சேர் அந்த நிரலில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"ஜப்பான்?"

"பாட்ஸ் கிடையாது சேர். கண்ணாடி உடைஞ்சா, கண்ணாடி வருமட்டும் கார் வீட்டிலதான்."

இன்னொரு கேள்விக்குறி. கொரியாவின் உப்புக் காற்றை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். மார்கழிக்குள் அட்டவணையில் இலக்கங்களைவிடக் கேள்விக்குறிகள் அதிகமாகிவிட்டன.

3

(இந்த இடத்தில் வாசகருக்கு என்மீது கோபம் வரவேண்டும். பாயிஸுக்கு வந்தது. உங்களுக்கு வராவிட்டால் நான் என்னை அளவுக்கு மிஞ்சி நல்லவனாக எழுதிவிட்டேன் என்று அர்த்தம். மேலே போய், எனக்கு இரக்கம் தேடித்தரும் "கடையடைப்பு" என்ற சொல்லை வெட்டிவிட்டு மறுபடி வாசியுங்கள்.)

தை மாதம் பிறந்து மூன்று வாரத்தில், அரசாங்கம் ரூபாயின் மதிப்பைச் சந்தையிடமே விட்டுவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். ஒரே நாளில் சேரின் அட்டவணை முழுக்கப் பிழையாகியது. டொலர் ஏறினால் கார் விலை ஏறும், விலை ஏறினால் தீர்வை ஏறும், தீர்வை ஏறினால் அதன்மேல் போடுகிற வரி ஏறும். பிளேன்டீ மட்டும் பழைய விலையில் நின்றது. சேர் அழிறப்பரை எடுத்துத் தாள் ஓட்டை விழும்வரை அழித்தார்.

பேர்மிற் முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று காலை சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது மிஸ் பின்னாலிருந்து கதைத்தார். அவர் வழியில் அதிகம் கதைப்பதில்லை.

"ஆனந்தராசா, உம்மட பிடரியில ஒரு மறு இருக்கு. தெரியுமோ?"

"தெரியாது மிஸ்."

"எனக்குத் தெரியும். ஏழு வருசமா அதைத்தானே பாத்துக்கொண்டு போறன்."

நான் கையால் தடவிப் பார்த்தேன்.

"பேராதனையில படிக்கேக்க லைசென்ஸ் எடுத்தனான். இருபத்திரண்டு வயசு. மலை ஏத்தத்தில நிப்பாட்டி, பின்னுக்கு உருளாம எடுக்கச் சொன்னவங்கள். எடுத்தனான். அதுக்குப் பிறகு ஒருநாளும் ஸ்டியரிங்கைத் தொடேல்ல. எனக்கு எந்த நாட்டுக் காரெண்டாலும் பரவாயில்லை. முன்னுக்கு இருந்து ரோட்டைப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.

4

அன்று பின்னேரம் சேரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தகரம், பாட்ஸ், உப்புக் காற்று, எல்லாம் என் வாயில் வந்தவை என்றேன்.

இந்தக் காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சேர் என்னை அடிக்கக் கை ஓங்குகிறார். ஒன்றில் மன்னித்துக் கட்டி... இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நடந்தது இதுதான்: கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்," என்றார்.

"என்ன சேர் தெரியும்?"

"பொய்யெண்டு தெரியும். கொரியாவைச் சுத்தி மூண்டு பக்கமும் கடல். உப்புக் காத்துக்கு நிண்டுபிடிக்காத காரை அவன் எங்க வச்சுச் செய்வான்?"

"பிறகேன் சேர் கேள்விக்குறி போட்டனீங்கள்?"

அவர் வாசல் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஓட்டோ எண்டா நீர் அவவோட இருக்கிறீர். கார் எண்டா அவ தனிய. செக்பொயின்றில இறக்கினா தனிய நிப்பா. எங்கயாவது வெடிச்சாலும் தனிய. வேண்டாமெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. நீர் ஒவ்வொண்டாக் கொண்டுவந்து தந்தீர். வாங்கி எழுதினன்."

இரண்டு ஆண்கள் மேசையை மூடிய ஒரு தாளின் இரண்டு பக்கமும் நின்றோம். ஒருவன் பிழைப்புக்காக, ஒருவர் பயத்துக்காக, அரை வருடமாக ஒரு பெண்ணை ஓட்டோவின் பின் சீற்றிலேயே இருத்தி வைத்திருந்தோம். குசினிக்குள் மிஸ் தேங்காய் திருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. எவ்வளவு நேரத்துக்கு முன் நின்றதென்று இருவருக்கும் தெரியாது.

5

அடுத்த நாள் விடிய மிஸ் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டார். பேர்மிற் முடிய ஐந்து நாள் இருக்கும்போது கையெழுத்து வைத்தாராம். மாசியில் மறுபடி போய், சின்ன மஞ்சள் கார் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு கந்தளாய் தாண்டி வந்து சேர்ந்தார். சேர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது அட்டவணையின் எந்த நிரலிலும் இல்லாத நாலாவது கார்.

"என்ன விலை முடிஞ்சது?" என்று கேட்டார்.

"கார் எப்பிடி இருக்கு எண்டு கேக்கேல்ல," என்றார் மிஸ். இன்றுவரைக்கும் விலை சொல்லவில்லை.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு ஓட்டம் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை சேர் என்னைக் கூப்பிட்டு, "காருக்குப் பின்னால போம்," என்றார். பிறகு தானும் ஏறிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார்.

மூன்று நாள் அப்படிப் போனோம். முன்னால் மஞ்சள் கார், ஐம்பது மீற்றர் பின்னால் ஓட்டோ, அதற்குள் கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி கணக்கு வாத்தியார். மிஸ் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. கியர் மாற்றும்போது மட்டும் கார் ஒருமுறை துள்ளும். சேரும் என் பின்னால் துள்ளுவார்.

மூன்றாம் நாள் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் எங்களைக் கவனித்துவிட்டான். காரின் கண்ணாடிப் பக்கம் குனிந்து, எங்களைக் கையால் காட்டி மிஸ்ஸிடம் ஏதோ கேட்டான். "அந்த இரண்டு பேரையும் தெரியுமா" என்பதாகத்தான் இருக்கவேண்டும். மிஸ் பின்பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்து, எங்களை நன்றாகப் பார்த்து, ஒரு பதில் சொன்னார்.

அந்தப் பதில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டதாக எழுத இதுவரை ஐந்து தரம் முயன்றேன். "என்ர கணவர்" என்றிருப்பார் என்பது சேரின் நம்பிக்கை. "யாரெண்டே தெரியா எண்டிருப்பா, நான் எண்டாலும் அதத்தான் சொல்லியிருப்பன்," என்கிறான் பாயிஸ். ஆமிக்காரன் வந்து எங்களை இறக்கி, அடையாள அட்டையை வாங்கி, ஓட்டோச் சீற்றைக் கழற்றி, சேரின் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தான். அரை மணித்தியாலம். பதில் எதுவாக இருந்தாலும் அவன் இதைத்தான் செய்திருப்பான். ஆகவே அதிலிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். சாவடியைத் தாண்டிய மஞ்சள் கார், சிறிது தூரம் போய், வீதியோரத்தில் நின்றது. நாங்கள் விடுபடும்வரை நின்றது.

"நின்றது" என்று எழுதியிருக்கிறேன். அது தானாக நின்றதா, அவர் நிறுத்தினாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சேரும் கேட்கவில்லை. வினைச்சொல்லை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எதை வைத்தாலும் மிஸ்ஸுக்குக் கேட்காமல் மெல்ல வாசியுங்கள்.