அணைக்கக் கூடாத மேசை விளக்கு

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். எழுபத்து மூன்று வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் விளக்கு ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஒருநாள் காலை, ராஜபாளையம் மில் முதலாளி கௌதம்ராஜின் மனைவி வெங்கடேஸ்வரி போன் செய்தாள். கல்யாணமாகி ஆறு மாதமான பெண்.

“தாத்தா, மேசை வெளக்கு கண்ணச் சிமிட்டிக்கிட்டே இருக்கு. கதவு சும்மாதான் சாத்தியிருக்கு, ஓடி வாங்க.”

போனேன். கூடத்து மேசையில் டென்மார்க் விளக்கு நின்றது. அறுபது, எழுபது வருடத்துக்கு முந்திய டிசைன். தேக்கு அடிக்கட்டை, பித்தளைத் தண்டு, மேலே காளான் மாதிரி பால்வெள்ளைக் கண்ணாடிக் குடை. அதன் கீழே, அதே வெள்ளையில், கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு நாய் படுத்திருந்தது.

விளக்கு சிமிட்டியது. நாய் எழுந்தது. விளக்கு நிலைத்தது. நாய் படுத்தது.

“அசையாதீங்க தாத்தா!” அடுக்களை ஜன்னலில் வெங்கடேஸ்வரியின் முகம் தெரிந்தது. உள்ளே தாழ் போட்டிருந்தாள். “அது பூபதி. காது கேக்காது. வெளக்கு எரிஞ்சா படுக்கணும், அணைஞ்சா ஆளப் புடிக்கணும்னு அவிய பழக்கி வச்சிருக்காவ.”

“விடுன்னு சொல்றதுக்கு?”

“வெளக்கப் போடணும்.”

“ஒங்க வீட்டுக்காரரு எங்க தாயி?”

“கோயமுத்தூர்ல. அவியளத் தவிர எல்லாரும் அதுக்கு வேத்தாளு. நானுந்தான்.”

“இத போன்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வருவீங்களா?”

நியாயமான பெண்.

ஐம்பது வருடத் தொழிலில் எரிகிற விளக்கை நான் தொட்டதில்லை. அன்று தொட்டேன். பல்பு ஹோல்டரில் லூசாக இருந்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு திருகினேன். அரைச் சுற்றில் வெளிச்சம் போனது. என் கெண்டைக்காலில் நாயின் மூச்சு சுட்டது. இன்னொரு அரைச் சுற்று, வெளிச்சம் வந்தது. மூச்சு விலகியது. வேட்டியில் நான்கு பல் பதிந்த ஓட்டை மட்டும் மிஞ்சியது.

“முடிஞ்சுதா தாத்தா?”

“முடிஞ்சுது.”

“நல்லவேள. ஒம்பது மணிக்கு கரண்டு போயிரும். பராமரிப்பாம், சாயங்காலம் அஞ்சு வரைக்கும்.”

மணி எட்டு ஐம்பத்தெட்டு.

“இன்வெர்ட்டர்?”

“சர்வீசுக்குப் போயிருக்கு.”

கதவுக்குப் பதினைந்து அடி. நான் ஓடினால் அரை நிமிடம். பூபதிக்கு இரண்டு எட்டு. செல்போனில் டார்ச்சைப் போட்டுக் குடைக்குள் செருகினேன். மின்விசிறி நின்றது. பூபதி எழுந்து விளக்கைப் பார்த்தது. எரிகிறது, ஆனால் நீலம் தட்டுகிறது. தலையைச் சாய்த்து யோசித்தது. அவ்வளவு நேரம் யோசித்த நாயை நான் கண்டதில்லை. பிறகு படுத்தது.

போனில் சார்ஜ் பதினொரு சதவீதம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று கரண்ட் உண்டு. பிளக்கைப் பிடுங்கி, விளக்கைச் சாமி தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நடந்தேன். பூபதி கூடவே வந்தது. பஸ்ஸில் விளக்குக்கு லக்கேஜ் போட்ட கண்டக்டர், நாயைப் பார்த்துவிட்டு அதற்கு ஒன்றும் கேட்கவில்லை. பாதி வழியில் ஐந்து சதவீதம். அந்த நேரம் பார்த்து என் மனைவி போன் செய்தாள். குடைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க எனக்குத் தைரியமில்லை. வீட்டுச் சுவரில் பிளக்கைச் செருகியபோது ஒரு சதவீதம்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பிய கௌதம்ராஜ் கூப்பிட்டு, விளக்கையும் நாயையும் திருடிவிட்டதாகக் கத்தினார். வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வெங்கடேஸ்வரி கூப்பிட்டாள்.

“தாத்தா, அவிய கார் சாவிய ஒளிச்சு வச்சிட்டேன். நீங்களும் கொண்டாந்துராதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

நான்கு மாதமாகிறது. விளக்கு அணையவில்லை. நாளை எங்கள் தெருவில் மின்தடை. எட்டரை பஸ்ஸில் நான், விளக்கு, பூபதி மூவரும் மகாராஜபுரம் போகிறோம். அங்கே நாளைக்குக் கரண்ட் உண்டு, விசாரித்துவிட்டேன். போனில் நூறு சதவீதம். போன மாதம் தளவாய்புரம் போனபோது ஜன்னல் சீட்டில் இருந்த போலீஸ்காரர், பூபதியைப் பார்த்ததும் எழுந்து விளக்குக்கு இடம் கொடுத்தார்.