சுமையில்லாமல் பதிந்த பாட்டு

பிடரி விண்விண்ணென்று தெறிக்கிறது, பதினெட்டு செங்கலுக்கே இந்த லட்சணம்... எதிரே எழும்பும் புதுக் கட்டடத்தில் தங்கை காலையிலிருந்து இதைத்தான் ஏற்றுகிறாள், ஏற்றிக்கொண்டே பாடவும் செய்கிறாள், இவள் நேற்று சட்டையில் ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு இயற்பியல் துறை மாடிப்படியில் நடைக்கு ஆறு செங்கலாக, பாடிக்கொண்டே, மூன்றே நடை, கழுத்து திரும்ப மறுக்கிறது, வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும், கணினித் திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டனவே, சிவப்பு காலடி, நீலம் மூச்சு, மூன்றாவது படியில் கால் ஊன்றும்போதெல்லாம் பாட்டு அறுகிறது, பாதிச் சொல்லில், வெடுக்கென்று... இதைப் போய் பாடத் தெரியாதவர்களின் பிழை என்று இரண்டு வருஷமாக எழுதிவைத்தாளே இவள், இசைத்துறைப் பேராசிரியை.

பின்னே எப்படித் தெரியும், சுமைதூக்குகிறவர்களைச் சத்தம் புகாத அறைக்குக் கூட்டிவந்து, நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, நிதானமாகப் பாடுங்கள் என்றால்? ஆளுக்கொரு இடத்தில் முறிந்தது பாட்டு. தங்கை அன்றைக்கே சிரித்தாள், மகாராணி மாதிரி உக்கார வச்சா பாட்டு எப்படிக்கா வரும், தலையில எதையாச்சும் தூக்கி வை. உனக்கென்ன தெரியும், சொன்னதச் செய் என்று இவள் சீறியது, மாணவர்கள் எல்லோர் முன்னாலும்... அந்தப் பேச்சா சுட்டது, இல்லை, அந்த 'அக்கா'வா? தங்கை உட்கார்ந்தே பாடினாள்.

கூட்டாக ஆராய்ச்சி செய்யும் இயற்பியல்காரர் கதவு வழியே தலையை நீட்டுகிறார், என்ன மேடம், கல்லு சுமந்த முதல் பேராசிரியர் நீங்கதான் போல. முதலா... பத்து வயதில் அம்மாவோடு சுமந்தது இவருக்கு எங்கே தெரியும். அவரே தொடர்கிறார், நாலு மணிக்குள்ள கட்டுரைய அனுப்பிடுவோம், ஆமா, சுமையோட பாடணும்னு யாருக்குத் தோணுச்சு? எனக்குத்தான் சார். நாக்கு முந்திக்கொண்டது, சந்தோஷத்தில்... சந்தோஷத்தில்தானா? பிரமாதம் என்று அவர் போய்விட்டார், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், இவள் கூப்பிடவில்லை.

கை பரபரக்கிறது, இந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை, கட்டுரையில் எழுதியவர்கள் என்ற இடத்தில் இவளும் அவருமாக இரண்டு பெயர், கீழே அட்டவணையில் 'பாடியவர் ஏழு, பெண்', அது தங்கை. ஜன்னலுக்கு வெளியே சாரத்தில் அவள் குரல் ஏறுகிறது, ஒன்று, இரண்டு, மூன்றில் அறுகிறது, அச்சு அசலாக நீலக் கோடு. மணி மூன்றே முக்கால். எழுதியவர்கள் வரிசையில் தங்கைக்கு அவள் பெயர் பாக்கி.