முகம் பொருந்தவில்லை

பட்டறையில் அவருக்கு உரசல் என்று பேர். இரும்பை உரசுவது தொழில், ஆளை உரசுவது பிறவிக்குணம். எவனையும் நம்ப மாட்டார். மகள் போன் வாங்கித் தந்த அன்றைக்கே, திரைக்கு மேலே கடுகு அளவில் இருந்த கேமராவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துவிட்டார். “என் சட்டைப்பையில இருந்துக்கிட்டு என்னையே வேவு பாக்க இவன் யாரு?” என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. கேட்டதில் தப்பில்லை. தேய்த்ததுதான் வினையாகிப் போனது.

அவர் சம்சாரத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருஷம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மிஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். போன வாரம் வரைக்கும் சீட்டைக் காட்டினால் உள்ளே விட்டார்கள். இந்தத் திங்கட்கிழமை முதல் ஆஸ்பத்திரி ஆப்பில் முகத்தைக் காட்ட வேண்டுமாம். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கிறார்களாம். குண்டூசிக்குப் பயப்படுகிற உலகத்தில், அடுத்தவள் பேரைச் சொல்லிக் கையில் ஆணி மாதிரி ஊசியைக் குத்திக்கொள்ள எவள் வேஷம் கட்டி வருவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை அவர் போனில் சம்சாரத்தின் முகம் வெறும் புகையாகத் தெரிந்தது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டுத் தையல்காரியின் போனை வாங்கி அதில் ஆப்பைப் போட்டார். தொடர்பு எண்கள், படங்கள், இருக்குமிடம், எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டது.

“உன் குடும்பம் மொத்தத்தையும் கேக்குதும்மா இது.”

“குடுங்கண்ணே. என்கிட்ட என்ன புதையலா இருக்கு? அண்ணி பிழைச்சா போதும்.”

வாழ்நாளில் சம்மதம் என்று எதையும் தொடாத விரல் ஐந்து தடவை தொட்டது. கடைசியில் ஆப் சொன்னது: புதிய போன், மூன்று நாள் பொறுக்கவும். புதன்கிழமை முறையும் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சம்சாரத்தின் காலில் செருப்பு நுழையவில்லை. இமையும் கன்னமும் உப்பியிருந்தன. நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள். கவுண்டர் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்தார். வட்டத்துக்குள் முகத்தை வை என்றது. கண்ணைச் சிமிட்டு என்றது. சிமிட்டினாள்.

முகம் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு முறை முயலலாம்.

கவுண்டர் பெண் தன் திரையைப் பார்த்தாள். “இங்க சேந்தப்போ எடுத்த படத்துல அம்மா எலும்பும் தோலுமா இருந்தாங்க ஐயா. இப்ப முகம் வீங்கியிருக்கு. அதான் எடுக்கல.”

“வீங்கினது ஏன்? ரத்தம் சுத்தம் பண்ணாததால. பண்ணுங்க, வத்திரும். அப்புறம் உங்க ஆப்புக்கு இவளத் தெரியும்.”

“மொதல்ல தெரியணும் ஐயா. அப்புறந்தான் பண்ண முடியும்.”

பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதை.

அவர் சம்சாரத்தின் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் அவள் கன்னத்தைக் காதோரம் இழுத்துப் பிடித்தார். கட்டைவிரல் பதிந்த இடம் மாவில் அமுக்கியது போலக் குழிந்து, குழிந்தபடியே நின்றது. படத்தில் இன்னொருவர் கை தெரிகிறது என்றது ஆப். கையை எடுத்துவிட்டுக் கடைசி தடவையும் காட்டினார். பொருந்தவில்லை. இரண்டு நாள் கழித்து முயலவும்.

“ரெண்டு நாளா?” கவுண்டரில் ஓங்கி அடித்தார். “ஆளு இங்க நிக்கிறா. நீ பாக்குற, நான் பாக்குறேன். அதுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?”

“என்னைத் திட்டி என்ன ஐயா ஆகப்போகுது? நானே முகத்தக் காட்டித்தான் உள்ள வரேன்.”

சத்தம் கேட்டு மிஷின் அறை நர்ஸ் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்றாம் கட்டில் காலியாகக் கிடந்தது. ஒன்றரை வருஷமாகச் சம்சாரம் படுக்கிற கட்டில்.

“சிஸ்டர், இவள உனக்குத் தெரியாதா?”

“எந்த நரம்புல ஊசி ஏறும்னு கூடத் தெரியும் ஐயா. ஆனா ஆப்புல இருந்து நம்பர் வந்தாத்தான் மிஷின் ஓடும். எங்க பெரிய டாக்டர் சொன்னாலும் ஓடாது.” நர்ஸ் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “அவசரப் பிரிவுக்குப் போங்க. நினைவில்லாம வர்றவங்ககிட்ட முகம் கேக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அவங்க வேற நம்பர் போட்டு அனுப்பிருவாங்க.”

“நினைவு இருக்கே இவளுக்கு.”

நர்ஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவசரப் பிரிவு வாசலிலும் ஒருவன் போனைத்தான் கேட்டான். “பேசுறாங்கல்ல? அப்போ ஆப்ல வாங்க” என்றான். இருவரும் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

“மயங்கின மாதிரி நடிக்கட்டுமா?” என்றாள் சம்சாரம்.

“இமையத் தூக்கி லைட் அடிப்பான். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து ஒரு பொய்யாவது உருப்படியாச் சொல்லியிருக்கியா?”

“சொல்லியிருக்கேனே. நீங்க தங்கமான மனுஷன்னு எங்கக்காகிட்ட.”

சிரிக்கப் போனவளுக்கு இருமல் வந்தது. நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் அவர் காதுக்கே கேட்டது. உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

“என்னங்க, கண்ணு சொருகுது.”

நாலு நாளாக அவள் கண் சொருகும்போதெல்லாம் உலுக்கி உலுக்கி எழுப்பியவர் அவர். இப்போது அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“தூங்கு” என்றார்.

“எழுப்புவீங்கல்ல?”

“எழுப்புறேன். தூங்கு.”

தலை கொஞ்சம் கனத்தது. வாசலில் நின்றவன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். இப்போதே கத்தினால் அவள் விழித்துவிடுவாள், முகத்தைக் கேட்பான். பிந்திக் கத்தினால் எதற்கும் ஆகாது. உரசல் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்து, மூச்சை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, எந்த மூச்சில் கத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.