தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்

வைத்தீஸ்வரனுக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். ரொம்பக் கோபம் வந்தால் அந்த இங்கிலீஷ் எழுத்தில் வரும். மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் துணைப் பொது மேலாளராகச் சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்குள் லிஃப்ட், காபி மெஷின், ஈரக் குடை மூன்றையும் பற்றி அவர் குறிப்பாணை போட்டுவிட்டார். ஒவ்வொன்றுக்கும் அடியில் குறைந்தது நாலு பேருக்கு நகல் போகும். நகல் போகாத கடிதம் அவரைப் பொறுத்தவரை முணுமுணுப்புக்குச் சமம்.

அன்று காலை அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. லீவு போட இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டு, வராதவர்கள் பேரில் ஒரு குறிப்பாணையை அவர் மனசுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் செல்போனில் அந்தப் படம் வந்து விழுந்தது.

அனுப்பியவர் தமிழ்ச் சங்கத்து நாகலக்ஷ்மி மாமி. இன்ஸ்டாகிராமில் யாரோ போட்டதை அவருடைய பேத்தி காட்ட, மாமி அதை அப்படியே பிடித்து அனுப்பியிருந்தார். கூடவே, 'விசேஷமா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே' என்று ஒரு வரி.

படத்தில் இருந்தது வைத்தீஸ்வரனின் ஒரே பெண் ஹம்சினி. பன்னிரண்டாம் வகுப்பு, வயது பதினேழு. மஞ்சள் புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் குங்குமம், மணிக்கட்டில் கயிறு. பக்கத்தில் உரசினாற்போல ஒரு பையன். பட்டு ஜிப்பா, பஞ்சகச்சம், நெற்றியில் அதே குங்குமம், கையில் அதே கயிறு. இருவர் உள்ளங்கையிலும் உதிரிப்பூ. பின்னால் புகை, புகைக்கு நடுவே ஒரு புரோகிதரின் முதுகு. மிச்சத்தைச் செல்ஃபி எடுத்தவர் வெட்டிவிட்டார்.

பையனை அவருக்குத் தெரியும். ஸ்ரீநாத். ஹம்சினியின் வகுப்புத் தோழன், வங்கி அதிகாரி பட்டாபிராமனின் மகன். நாலு தலைமுறையாக இந்த ஊரிலேயே இருப்பவர்கள். போன மாதம்தான் பையனுக்குப் பதினெட்டு முடிந்தது. அந்தப் பிறந்தநாள் கேக்கை வைத்தீஸ்வரனே இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறார்.

பெண்ணைக் கூப்பிட்டார். போன் அணைந்திருந்தது. மனைவி மீனாக்ஷியைக் கூப்பிட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள்:

"ஸ்கூல்ல சரஸ்வதி பூஜைன்னு போயிருக்கா. நான்தான் புடவை கட்டிவிட்டேன்."

"தை மாசத்துல ஏதுடி சரஸ்வதி பூஜை?"

"அவதான் சொன்னா," என்றாள் மீனாக்ஷி. அவளுக்கும் நவராத்திரியின் கடைசியில் புத்தகத்தை அடுக்கிவைத்துத்தான் பழக்கம். பெண் சொன்னாள், அவள் நம்பினாள். இப்போது கணவன் கேட்கிறபோது நம்பியது தப்போ என்று தோன்றியது.

வைத்தீஸ்வரனுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மஞ்சள் புடவை, கயிறு, புரோகிதர், புகை. இதற்கு மேல் என்ன வேண்டும், சாப்பாட்டுப் பந்தியா?

அலுவலகக் காரில் ஏறினார். கரியாஹாட் முனையில் கார் நின்றபோது இடமும் வலமும் மஞ்சள் புடவைகள் கடந்தன. பள்ளிக்கூடப் பெண்கள், பக்கத்தில் ஜிப்பா போட்ட பையன்கள், கும்பல் கும்பலாக. அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் ஊரில் அன்றைக்கு ஐந்நூறு கல்யாணம் என்றாவது நினைத்திருப்பார். அவர் பார்க்கவில்லை. நிறுவனத்தின் சட்ட அதிகாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரிவுகளைப் படித்துக்கொண்டிருந்தார். குழந்தைத் திருமணத் தடுப்புக்கு ஒன்று, போக்சோவுக்கு நாலைந்து. அந்த வாசகங்களின் கம்பீரம் அவருக்குப் பிடித்திருந்தது. போனிலேயே புகாரை அடித்தார். 'மைனர் பெண்ணை ஆசைகாட்டிக் கடத்தி', 'சட்டவிரோதத் திருமணம்', 'தகாத உடல்ரீதியான தொடர்பு' என்று பிரிவுகளில் கிடந்த சொற்களையெல்லாம் ஒன்று விடாமல் சேர்த்தார். கண்ணால் கண்டது ஒரு படம். எழுதியது ஒரு குற்றப்பத்திரிகை.

காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பும்போது கை தன்னால் பழக்கத்துக்குப் போயிற்று. நகல், பள்ளி முதல்வருக்கு. நகல், தினமும் ஒன்பது மணிக்கு 'நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள்' என்று கத்துகிற அந்தத் தொலைக்காட்சிக்கு. தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.

காவல் நிலையத்தில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது பெண் சப்-இன்ஸ்பெக்டர் சுபர்ணா ஹல்தார். மேஜை ஓரத்தில் ஒரு தொன்னையில் செவ்வந்தி இதழும் இலந்தைப்பழமும் இருந்தன. மின்னஞ்சலைப் படித்தாள், படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அப்புறம் குழந்தைக்குச் சொல்வதுபோல இந்தியில் விளக்கினாள். இங்கே சரஸ்வதி பூஜை வசந்த பஞ்சமியில்தான். இன்றைக்கு வங்காளத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பெண்கள் மஞ்சள் புடவை, பையன்கள் ஜிப்பா. பூவைக் கையில் வைத்துக்கொண்டு அஞ்சலி செய்வார்கள். கயிறு எல்லோருக்கும் கட்டுவார்கள். தன் மணிக்கட்டையும் திருப்பிக் காட்டினாள். அங்கேயும் கயிறு.

"அப்புறம் ஜோடி ஜோடியா ஏரிப்பக்கம் போவாங்க, சார். வருஷத்துக்கு ஒரு நாள் அப்பா அம்மாவுக்குக் கண் தெரியாது. நானும் போயிருக்கேன்."

வைத்தீஸ்வரனுக்குக் காது மடல் சுட்டது. சரி, தவறுதலாக நேர்ந்துவிட்டது, புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று, ஏதோ டெண்டரைத் திரும்பப் பெறுகிற தோரணையில் எழுந்தார்.

அவள் எழவில்லை. முகத்திலிருந்த சிரிப்பும் போய்விட்டது. கல்யாணம் இல்லை, அது தீர்ந்தது, ஆனால் மூன்றாவது பத்தி இருக்கிறதே என்றாள். பதினேழு வயதுப் பெண், பதினெட்டு முடிந்த பையன், தகாத தொடர்பு. எழுதியிருப்பது பெண்ணைப் பெற்றவர். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் சம்மதித்தாளா என்ற கேள்வியே கிடையாது. தெரிந்தும் பதிவு செய்யாவிட்டால் தன் வேலை போகும். பதிவு செய்தால் பையன் இன்றைக்கே உள்ளே. ஜாமீன் லேசில் கிடைக்காது. அப்புறம் அப்பாவே வந்து அழுதாலும் வழக்கு கோர்ட்டுக்குத்தான் சொந்தம்.

"உங்களுக்கு மட்டும் அனுப்பியிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பீங்கன்னு நினைக்கறேன்," என்றார் வைத்தீஸ்வரன், குரல் இறங்கி.

"நீங்கதான் ஊருக்கே அனுப்பிட்டீங்களே."

நகல் பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. வாசலில் தொலைக்காட்சிக்காரன் ஒருவன் மைக்கோடு வந்து நின்றுவிட்டான். பெண்ணின் முகத்தை மறைத்துவிடுவோம், அப்பாவின் முகம் மட்டும் போதும் என்று கான்ஸ்டபிளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பள்ளி முதல்வரிடமிருந்து பதில் வந்தது, அதுவும் நகல்களோடு: மாணவன் ஸ்ரீநாத் இடைநீக்கம் செய்யப்படுகிறான், செய்முறைத் தேர்வுக்கு வரத் தேவையில்லை, பள்ளி இவ்விஷயத்தில் சமரசமற்றது. இதே பள்ளியில்தான் உயிரியல் டீச்சர் அந்த ஒரு பாடத்தை மட்டும் வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த பாடத்துக்குத் தாண்டிப் போனார். அதற்கு ஈடாகப் போக்சோ பற்றிப் பெரிய வகுப்பு நடத்தினார்கள், பையன்களைத் தனியாக, பெண்களைத் தனியாக உட்காரவைத்து. எதற்கு ஜெயில் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடம். எது ஜெயில் இல்லை என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த வகுப்பைத் தொடங்கிவைத்து வளரிளம் பருவத்தாருக்கு அறிவுரை வழங்கிய சிறப்பு விருந்தினர் திரு. வைத்தீஸ்வரன்.

காவல் நிலையத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் போன் போக, மீனாக்ஷி பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே பட்டாபிராமன், மகனோடு. ஸ்ரீநாத்தின் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல இருந்தது. ஜிப்பாவில் பூஜைப் பிரசாதக் கிச்சடியின் கறை. அவனைச் சுவரோரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டாபிராமன் யாரையும் திட்டவில்லை. வைத்தீஸ்வரனிடம் வந்து, "சார், உங்காத்துப் பொங்கலுக்கு வந்தோமே," என்றார்.

வழக்கு பதிவானால் சீருடை இல்லாமல் வீட்டுக்கு வந்துதான் பெண்ணிடம் பேச வேண்டும், இன்னும் பதிவாகவில்லை, அதனால் சும்மா கேட்கிறேன் என்று சுபர்ணா ஹம்சினியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மீனாக்ஷி பெண்ணின் தோளைப் பிடித்தபடி நின்றாள்.

"அந்தப் பையன் உன்னைத் தொட்டானா?"

ஹம்சினி தலையைக் குனிந்தாள். தொட்டான் என்றால் என்ன பிரிவு, எத்தனை வருஷம் என்று அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். பொய் சொன்னால் அதற்கும் ஏதாவது இருக்கும். பெஞ்சில் ஸ்ரீநாத் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆமாம்," என்றாள்.

பட்டாபிராமன் மகனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"எங்கே?"

"கையை. ஏரிக்கரையில. நான்தான் முதல்ல பிடிச்சேன்." பிறகு அப்பாவைப் பார்த்து, அழாமல், தமிழில் சொன்னாள்: "அதுக்கு என்ன செக்‌ஷன்ப்பா?"

வைத்தீஸ்வரன் போனை எடுத்து, சட்ட அதிகாரி அனுப்பிய பிரிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

சுபர்ணா ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். கையைப் பிடித்ததற்கு என்னிடம் பிரிவு இல்லை, ஆனால் உங்கள் மூன்றாவது பத்தி இருக்கிறவரை என் கையில் எதுவும் இல்லை என்றாள். அதில் இருப்பது எதுவும் தான் கண்டதல்ல, கேட்டதல்ல என்று அவரே கைப்பட எழுத வேண்டும். எப்படி எழுத நேர்ந்தது என்ற காரணமும் வேண்டும். பொய்ப் புகார் என்று மேலதிகாரி அவர் மேல் நடவடிக்கை எடுக்க நினைத்தால் எடுக்கலாம். அது தன் கையில் இல்லை. வாசலில் இருக்கிறவனுக்கும் அவரே போய்ச் சொல்ல வேண்டும்.

வைத்தீஸ்வரன் பேனாவை எடுத்தார். 'தகவல் இடைவெளி காரணமாக' என்று ஆரம்பித்தார். அதிகாரிகள் தப்புச் செய்கிறபோது எப்போதும் ஏதாவது ஒரு இடைவெளிதான் அதைச் செய்யும். சுபர்ணா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். இது போதாது. மழுப்பலாக இருந்தால் யாராவது தோண்டுவார்கள், பையன்தான் மாட்டுவான்.

அவர் தாளைப் பார்த்தார். டில்லித் தலைமையகம் வரை இது போகும். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம். இப்போது எழுந்து, வக்கீலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் போயிற்று. மானம் மிஞ்சும். பெஞ்சில் இருக்கிறவன் மட்டும் இங்கேயே இருப்பான்.

மீனாக்ஷி குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிறாற்போல, "எழுதுங்கோ," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவருக்குப் போட்ட முதல் ஆணை அதுதான்.

எழுதினார். 'நான் ஒரு படத்தை மட்டுமே பார்த்தேன். மற்றவற்றை நானே கற்பனை செய்துகொண்டேன். இந்த ஊரில் இன்று சரஸ்வதி பூஜை என்பது எனக்குத் தெரியாது. என் மனைவி சொல்லியும் நான் நம்பவில்லை. என் மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பையன் எந்தத் தவறும் செய்யவில்லை.' அவர் வாழ்க்கையில் எழுதிய மிகச் சின்னக் கடிதம். கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போடக் கை போயிற்று, விட்டுவிட்டார்.

பிறகு வாசலுக்குப் போய் அந்த மைக்கின் முன்னால் நின்றார். தான் ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டதாகவும் செய்தி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். முட்டாள்தனத்தில் பரபரப்பு போதாது என்று தொலைக்காட்சிக்காரன் மைக்கைச் சுருட்டிக்கொண்டு போனான். பள்ளி முதல்வர் போனில், இடைநீக்கத்தை ரத்து செய்வதுபற்றிக் கமிட்டி பரிசீலிக்கும் என்றார். தேர்வு எழுத விடுவீர்களா, எழுத்தில் சொல்லுங்கள் என்று வைத்தீஸ்வரன் அவரை விடாமல் பிடித்து, எழுத்தில் வந்த பிறகுதான் போனை வைத்தார்.

எல்லோரும் நடைபாதைக்கு வந்தார்கள். மத்தியான வெயிலில் ரிக்‌ஷா, பஸ், மஞ்சள் புடவைகள், சிரிப்பு. பட்டாபிராமன் ஒரு டாக்ஸியைக் கைதட்டி நிறுத்தினார்.

ஹம்சினி அப்பாவைத் தாண்டி ஸ்ரீநாத்திடம் போனாள். எல்லோரும் பார்க்கவே கையை நீட்டினாள். ஸாரி சொல்லவா, ஆல் தி பெஸ்ட் சொல்லவா, தெரியவில்லை.

ஸ்ரீநாத் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. காவல் நிலையத்து வாசலைப் பார்த்தான், வைத்தீஸ்வரனைப் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படியே டாக்ஸிக்குள் நுழைந்தான்.

டாக்ஸி போய்விட்டது. ஹம்சினி நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். காரில் ஏறச் சொல்ல வைத்தீஸ்வரன் வாயைத் திறந்தார். அவள் எதிர்ப்பக்கமாக, பஸ் நிற்கிற இடத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். மீனாக்ஷியும் கார்க் கதவை மூடிவிட்டு அவள் பின்னால் போனாள்.