விரிசலார் வாங்கிய பச்சை வண்டி

கட்டட ஒப்பந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் விரிசல். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் விரிசலார் என்பார்கள். புதுக் கட்டடங்களைச் சோதித்து, அதில் குடிபோகலாமா கூடாதா என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார், "உள்ள காலி" என்பார். அவ்வளவுதான், கட்டியவர் முகம் தொங்கிப்போகும். பெயின்டைப் பார்த்து மயங்குகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சா, இடிஞ்சு விழப்போற சுவத்துக்கும் கல்யாணக்களை வந்துடும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு சனிக்கிழமை காலையில், தன்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு வண்டியை, பெயின்டைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தார்.

சேறு, மேடு, பாறை எதுவானாலும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய காலத்து டிரக் அது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. உருண்டை விளக்குகள் இரண்டும் அவரையே பார்த்தன. இலைப்பச்சை நிறம் வெயிலில் பளபளத்தது. விற்றவர் அவர் தோளில் கைபோட்டு, "எத்தனையோ பேர் வந்து கேட்டாங்க சார், நான் குடுக்கல. வண்டியைப் பத்தித் தெரிஞ்ச கைக்குத்தான் போகணும்னு வெச்சிருந்தேன்" என்றார். விரிசலார் பையில் டார்ச் இருந்தது, சுத்தியல் இருந்தது, அழுக்குப் படாமல் படுத்துப் பார்க்க ஒரு பாய்கூட இருந்தது. பையைத் திறக்க அவருக்குத் தோன்றவில்லை. தெரிந்த கைக்கு அதெல்லாம் எதற்கு?

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் மனைவி வெளியே வந்தாள். மருந்துக்கடை நடத்துகிறவள், எதை வாங்கினாலும் காலாவதி தேதி பார்த்துத்தான் வாங்குவாள்.

"அடியில பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"எதை?"

"டயரை."

அவள் நேரே உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை, அதாவது விரிசலாரின் மச்சினி, லாரிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் வெல்டர். மறுநாளே வந்துவிட்டாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு அத்தான்" என்று மனதாரச் சொன்னாள். அவருக்கு வாயெல்லாம் பல். பிறகு சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்தாள்.

"என்னம்மா அது?"

"காந்தம். சும்மாதான்."

பானெட்டில் வைத்தாள், ஒட்டிக்கொண்டது. கதவின் மேல்பாதியில் ஒட்டிக்கொண்டது. கீழ்ப்பாதியில் வைத்ததும் பொத்தென்று விழுந்தது. இன்னொரு முறை வைத்தாள், இன்னொரு முறை விழுந்தது.

"காந்தம் பழசா இருக்கும்" என்றார் விரிசலார்.

அவள் அதைத் தெருக்கேட்டில் வைத்தாள். பிய்த்து எடுக்க இரண்டு கை தேவைப்பட்டது.

ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதும் பச்சைக்கு அடியில் பட்டி வந்தது. பெருவிரல் கனத்துக்குப் பட்டி. பட்டிக்கு அடியில் கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலை. கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறுகிற இடத்தில், தகடு துருப்பிடித்துப் போன பள்ளத்தில் சிமெண்டையே ஊற்றி அடைத்திருந்தார்கள். விரிசலார் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தார். வண்டி வந்ததிலிருந்து முதல் தடவையாக, தெரிந்தவர் மாதிரிப் பேசினார்: "ஒண்ணுக்கு நாலு கலவை. மணலைச் சலிச்சுப் போட்டிருக்கான்."

"அப்போ கையெழுத்துப் போட்டுடலாமா? குடி போயிடலாமா?" என்றாள் மனைவி.

மச்சினி அதற்குள் வண்டிக்கு அடியில் போயிருந்தாள். மொத்த வண்டியையும் தாங்குகிற சேஸியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். ணங், ணங், ணங் என்று வந்த சத்தம், வலதுபக்கம் பாதியில் தொப் என்றது. வெளியே நின்ற விரிசலார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அவள் விளக்கினாள். "சேஸி பெட்டி மாதிரி அத்தான், நடுவுல காலி. உள்ள போற தண்ணி வடிய ஓட்டை வெச்சிருப்பாங்க. அதைச் சேறு அடைச்சிருக்கு. தண்ணி உள்ளயே நின்னு, வருசக்கணக்கா உள்ளேருந்தே தின்னிருக்கு. யாரோ புண்ணியவான் வெளிய ஒரு தகட்டை ஒட்டித் தார் பூசி மெழுகிட்டான்."

விரிசலார் விற்றவருக்குப் போன் போட்டார். அவர் கோபப்படவே இல்லை. "பழைய வண்டின்னா அங்கங்க கொஞ்சம் இருக்கத்தான் சார் செய்யும். நீங்க கண்ணால பாத்துத்தானே எடுத்தீங்க?" என்று அன்பாகக் கேட்டார்.

இரண்டு வாரம் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. விரிசலாரும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தார். மூன்றாவது வாரம் ஒரு முடிவுக்கு வந்தார்: விற்றுவிடுவது. ஒரு டப்பா பட்டி வாங்கிவந்தார். மச்சினி சுரண்டிய இடங்களையெல்லாம் அடைத்து, தேய்த்து, நிறம் பொருத்தி அடித்தார். இருபத்தாறு வருடம் மற்றவர்கள் செய்த தில்லுமுல்லுகளைக் கண்டுபிடித்தவருக்கு அந்த வேலை அத்துப்படியாக இருந்தது. வேலை அவ்வளவு நேர்த்தி. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி சொன்னாள்: "நல்லா வருதுங்க. இத்தனை வருசமாத் தப்பான பக்கத்துல நின்னு வேலை பாத்திருக்கீங்க."

அவர் காதில் விழாத மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தார்.

வாங்க வந்தது ஒரு இளம் தகப்பன். கூடவே இரண்டு பெண் குழந்தைகள். வந்த வேகத்தில் தொட்டியில் ஏறிக் குதிக்க ஆரம்பித்தார்கள். லீவு விட்டால் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகத்தான் வண்டி என்றான் அவன். பானெட்டை ஒரு தடவு தடவினான். விரிசலாருக்கு அந்தத் தடவல் தெரியும். "நல்ல வண்டி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"கீழ படுத்துப் பாருங்க" என்று வந்தது.

"எதுக்கு சார்? பாத்தாலே தெரியுதே."

"தெரியாது. சேஸி உள்ள துருப்பிடிச்சுப் போயிருக்கு."

அவன் சிரித்தான். "பழைய வண்டின்னா அங்கங்க இருக்கத்தான் சார் செய்யும்."

"அங்கங்க இல்ல. மொத்தமாப் போயிடுச்சு. இதுல குழந்தைகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போகாதீங்க."

அவன் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "வேற யாராவது கூடத் தரேன்னு சொல்லிட்டாங்களா? வெளிப்படையாச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றான்.

விரிசலாருக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! ஸ்க்ரூடிரைவரை எடுத்து, தானே இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பூசிய இடத்தில் ஓங்கிக் குத்தினார். அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. இன்னொரு இடத்தில் குத்தினார். பச்சை பெயர்ந்து சிமெண்ட் கொட்டியது.

அவன் பதறிப்போய்க் குழந்தைகளைத் தொட்டியிலிருந்து தூக்கி இறக்கினான். "விக்க இஷ்டமில்லேன்னா போன்லயே சொல்லியிருக்கலாமே சார். அதுக்காக வண்டியைப் போய் ஏன் குத்தறீங்க?" என்றான். சின்னவள் ஓவென்று அழுதாள். உண்மையைச் சொன்னதற்காக விரிசலாருக்கு வாழ்க்கையில் கிடைத்த நன்றியெல்லாம் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்.

அவர்கள் போன பிறகு மச்சினிக்குப் போன் செய்து, வண்டியைச் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. "வெட்டறதும் ஒட்டறதும் நான். தேய்க்கறது நீங்க. குறை சொல்லக் கூடாது."

ஞாயிறுதோறும் வேலை நடந்தது. சேஸியிலிருந்து மேல்கூட்டைக் கழற்றி நாலு மரக்கட்டைகள்மேல் நிறுத்தினார்கள். துருப்பிடித்த இடத்தை வெட்ட ஆரம்பித்தாள். "போதும்மா" என்பார் இவர். "நல்ல தகடு இன்னும் வரலையே" என்று இன்னொரு சாண் வெட்டுவாள். ஒரு முழம் என்று ஆரம்பித்தது வண்டியின் பாதி நீளத்துக்குப் போனது. புதுத் தகட்டை மடக்கிப் பெட்டியாக்கி, உள்பக்கத்துக்கும் பிரைமர் அடித்து, தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, பிறகுதான் மூடினாள். விரிசலாருக்குத் தகடு தேய்க்கிற கிரைண்டரைப் பிடித்துப் பிடித்து, சாப்பிடும்போதும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் போனால் போகிறதென்று ஒரு மூலையைப் பற்றவைக்க அவரிடம் கொடுத்தாள். வைத்து முடித்ததும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். தகடு கழன்று அவர் காலடியிலேயே விழுந்தது. திரும்ப வைத்தார், திரும்ப விழுந்தது. நாலாவது தடவை தட்டினாள், விழவில்லை. அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். அந்த வாரம் இரண்டு ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரே தடவையில் கையெழுத்துக் கிடைத்தது. விரிசலாருக்கு உடம்பு ஏதோ சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். சோதித்த அதிகாரி விளக்கைப் போடச் சொன்னார், ஹாரனை அடிக்கச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார், முத்திரையைக் குத்திவிட்டார்.

"கீழ பாக்கலியே சார்?" என்றார் விரிசலார்.

"வேணாம் சார், ஓகேதான்."

"அந்த வெல்டிங்கை ஒரு தட்டாவது தட்டிப் பாருங்க."

"பின்னால வண்டி நிக்குது சார்." போகிறபோக்கில் அதிகாரி பானெட்டைப் பார்த்தார். "பெயின்ட்தான் சுமார். நல்ல ஆளா பாத்துக் குடுத்திருக்கலாம்."

மச்சினி சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரிசலார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். அவர் நிதானத்துக்கு வரட்டும் என்று மனைவி ஸ்டீயரிங் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "நகருங்க, நான் ஓட்டறேன்."

அன்று உட்கார்ந்தவள்தான். தொட்டியில் மருந்துப் பெட்டிகள் எத்தனை வேண்டுமானாலும் அடங்குகின்றன என்று கண்டுபிடித்தாள். திங்கட்கிழமையிலிருந்து வண்டி கடைக்குப் போக ஆரம்பித்தது. ஒரு வாரம் விட்டு, "நாளைக்கு எனக்கு வண்டி வேணுமே" என்று விரிசலார் கேட்டுப் பார்த்தார். "எதுக்கு? உங்க கட்டடம் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் அவள்.

எனவே கட்டடம் பார்க்க அவர் பஸ்ஸில்தான் போகிறார். நேற்றுக் காலை நிறுத்தத்தில் நின்றபோது வண்டி வந்தது. கை காட்டினார். அவளுக்கு நேரமாகிவிட்டது போல. ஒரு ஹாரன் மட்டும் அடித்துவிட்டுப் போனாள். எதிரே சாலையில் கால் முழம் ஆழத்துக்கு ஒரு பள்ளம். அதில் இறங்கி ஏறியது வண்டி. தகடு எதுவும் கடகடக்கவில்லை. கதவு ஆடவில்லை.

பக்கத்தில் நின்றவரிடம், "அது நம்ம வண்டி" என்றார் விரிசலார்.

அவர் விரிசலாரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.